கண்டியில் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. பத்து நாள் விடுமுறையில் கிரேசை அழைத்துக்கொண்டு கொழும்பும் கண்டியும் பார்க்கப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை அடுத்த பத்தியே பாதியாக்கிவிட்டது. "அங்கே சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கு மறக்கவில்லை. ஆகையால் பத்து நாளைக்குக் கெடாத மாதிரி உப்புக்கண்டமும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து தகரப்பெட்டியில் வைத்து, மதுரைக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தின் அடியில், இடம் போதாமல் எழுத்தை நெருக்கி, உன் மனைவி ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "அத்தை, அங்கே ஆப்பம் ரொம்ப நன்றாக இருக்குமாமே?" கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பெண், புருஷன் எழுதி முடித்த காகிதத்தில் மாமியாரிடம் அப்பீல் செய்கிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

பெட்டி வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ காத்திருக்க வேண்டாம். ஏன் வராது என்பதைச் சொல்வதற்குத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மட்டும் என்று நினைக்காதே. கிரேசும் படிக்கட்டும், உன் சித்தி படிக்கட்டும், கேட்கிற எவருக்கும் நீ வாசித்துக் காட்டலாம். இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறவள், தன் வீட்டுக்குள் ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பொய் இப்போது உன் பயணத்திலும், அந்தப் பெண்ணின் வாயிலும் கை வைக்கப் பார்க்கிறது. இனியும் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நாங்கள் இலங்கைக்குப் போனபோது உனக்குப் பத்து வயது. உன்னை ராஜபாளையத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். நீ எங்களுக்காக அழாமல், சித்தி வீட்டு நாய்க்குட்டியோடு ஓடிப்போய்விட்டாய். உன் அப்பா அப்போதும் இப்போது போலவே பஞ்சு ஆலையில் என்ஜின் பிட்டர். என்ஜின் அறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் ஒட்டியிருந்தது: ஒரு ஏரி, நடுவில் தீவு, சுற்றிலும் பச்சை மலை. கண்டி. எண்ணெய் பட்டு ஏரி பழுப்பாகிவிட்டிருந்தது. ஆண்டுதோறும் பஞ்சு வரத்து முடிந்து என்ஜினை நிறுத்துகிற வைகாசி வந்தால் அவர் அந்தப் பேச்சை எடுப்பார்.

"ஒரு தரம் போயிட்டு வரணும்ட்டி."

"அங்க போயி என்ன செய்யப் போறீய? அங்க நமக்கு ஆரு இருக்கா?"

"ஆரும் இல்லாத ஊருக்குத்தான் போவணும். சுத்திப் பாக்கணும். அவுக திங்கிறதைத் திங்கணும். அம்புட்டுதான்."

எட்டு வருஷம் கேட்டார், ஒன்பதாவது வருஷம் நான் சரி என்றேன். சரி என்று சொன்ன அன்றைக்கே சாப்பாட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். அந்நிய ஊரில் எவள் சமைத்ததையோ என் புருஷன் தின்னக் கூடாது. அதுதான் என் எண்ணம். அதைப் பாசம் என்று அப்போது நினைத்தேன். அது பாசம்தான், ஆனால் அதில் பாதி, என் கைப்பக்குவத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை என்ற கர்வம். வறுத்தேன், இடித்தேன். ஒரு ஆட்டுத்தொடை வாங்கி, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் பிசறி, உப்புக்கண்டத்துக்காக முற்றத்தில் கயிறு கட்டிக் காயப் போட்டேன். ஐந்து வெயில் காய வேண்டிய கறி. இரண்டாம் நாள் மதியமே மேற்கே மலைப்பக்கம் கறுத்து, கோடை மழை பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளும் மூட்டம். புறப்படுகிற அன்று ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளே மெத்தென்று அமுங்கியது. எனக்குத் தெரியும், தம்பி. அது காயவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து நாளைக்கு வேண்டிய சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்துவிட்டேன் என்று நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் வரைக்கும் பெருமை பேசியிருந்தேன். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

ரயிலில் விருதுநகர், மதுரை, அங்கிருந்து மண்டபம். மண்டபத்தில், இலங்கைக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்புகிற டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். உன் அப்பா உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கப்பலின் என்ஜின் சத்தத்தைக் காலால் கேட்பது போல் கண்ணை மூடிக்கொண்டார். நீங்களும் மேல்தட்டில் நில்லுங்கள். உள்ளே போய்ப் படுத்தால்தான் குமட்டும். கப்பலில் ஒருவர் சுடச்சுட மீன் கட்லெட் கொண்டுவந்தார். அப்பா பார்த்தார். நான் பெட்டியைத் திறந்தேன். கொழும்பில் கடற்கரைத் திடலில் பட்டம் விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டு வந்தாள். அவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தார்.

"ஏங்க, வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு தூரம் அழைத்துவந்த மனிதரை மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உட்கார வைத்திருந்தேன். நீ கிரேசை அப்படி உட்கார வைக்காதே. ஒரு ஊரைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வருவதற்குக் காலண்டரே போதும்.

நான்காம் நாள் கண்டி. நம் சபைப் போதகர் கொடுத்த கடிதத்தோடு, ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். மார்கரெட் நோனா என்ற சிங்கள அம்மா, புருஷனை இழந்தவர், வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டுத்தான் குடும்பம் நடத்தினார். மாடி அறையில் தெற்கே காலி என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி ஒரு மாதத்துக்கென்று தங்கியிருந்தார்கள். நோனாவுக்குத் தமிழில் 'வாங்க', 'தண்ணி', 'மழை' என்ற மூன்று வார்த்தைகள் தெரியும். மறுநாள் காலை, ஓரம் மொறுமொறுத்து நடு மெத்தென்றிருந்த ஆப்பங்களையும், சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பலையும் எங்கள் முன்னால் வைத்துவிட்டு, "கன்ன, கன்ன" என்றார். கண்ணா என்று கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவர் இப்படிக் கொஞ்சுகிறாரே என்று எனக்குக் கூச்சம். கையால் வேண்டாம் என்று காட்டி, தட்டுகளை மூடி அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, அவர் மேஜையிலேயே, அவர் கண் முன்னாலேயே, என் தகரப்பெட்டியைத் திறந்தேன். அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். மூடிய தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மதியம் அவர் அடுப்பில் ஒரு ஓரம் கேட்டு வாங்கி, சோறு வடித்து, உப்புக்கண்டத்தை எடுத்தேன். வாடை வந்தது. கழுவினேன். இரண்டு பங்கு மிளகாய் போட்டு, கருகக் கருக வறுத்தேன். கறி முழுவதையும் அவருக்கு வைத்துவிட்டு, நான் பருப்புப்பொடிச் சோறு தின்றேன். அவர் முதல் வாய் வைத்தபோது ஒரு நொடி தாமதித்தார். பிறகு தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் தின்று முடித்தார்.

சாப்பிட்டுவிட்டுப் பேராதனைத் தோட்டத்துக்குப் போனோம். அதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆற்றோரத்தில் மூங்கில்கள் ஆள் தொடை கனத்துக்கு நிற்கும். ஒரு மூங்கிலைக் கையால் தட்டிப் பார்த்து, "இதுல நாலு இருந்தா நம்ம ஆலைக்கே கூரை போட்டுரலாம் போலுக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதிப் பேச்சில் நின்றார். முகம் வெளுத்து வேர்த்தது. அந்த மூங்கிலையே பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் தன் காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். வீடு வந்து சேர்வதற்குள் வாந்தியும் பேதியுமாக ஆள் துவண்டுவிட்டார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கை சில்லிட்டுக் கிடந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கும் உன்னிடம் நான் தனியாகத் திரும்பி வந்து என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நோனா ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர். நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார்.

நோனா வாசலில் நின்றார். மாடித் தம்பதி படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். என் வாயில் உண்மைதான் இருந்தது, தம்பி. ஆனால் வெளியே வந்தது வேறு. "இந்த ஊருக்கு வந்து என்னத்தையோ தின்னுட்டாக" என்றேன்.

டாக்டர் திரும்பி நோனாவைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். நோனா பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். நாங்கள் அவர் கையால் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். படுத்துக் கிடக்கிறவர் பக்கத்தில் நின்று வழக்காட அவருக்கு மனசு வரவில்லை போலும். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் மாடித் தம்பதி மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒரு மாதத்துக்கு இருக்க வந்தவர்கள். நோனா அவர்களை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, அடுப்பை மூட்டி, என் புருஷனுக்கு அரிசிக் கஞ்சி வைத்தார். செவ்விளநீரை வெட்டி, கரண்டி கரண்டியாக அவர் வாயில் விட்டார். வாந்தி எடுத்த துணியைக்கூட என்னிடம் விடவில்லை.

காலையில் அப்பா கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். நோனா என் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துத் திறந்தார். கறி சுற்றியிருந்த துணி பச்சை பூத்திருந்தது. அவர் திட்டவில்லை, விரல் நீட்டவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மூடிவிட்டார்.

டாக்டர் மறுபடி வந்தபோது, அவர் கேட்கும் முன்னே சொன்னேன். "நேத்து நான் சொன்னது பொய்யிங்க. இந்தம்மா வீட்டுல நாங்க பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொடலை. நான் ஊர்லேருந்து கொண்டாந்த கறிதான் கெட்டுப்போச்சு. அது காயலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன். இதை அந்தம்மாகிட்ட அவுக பாசையில சொல்லுங்க. மேல இருந்து போனாகளே, அவுககிட்டயும் சொல்லுங்க."

"நேற்றே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார் டாக்டர். பிறகு நோனாவிடம் சிங்களத்தில் சொன்னார். எவ்வளவு நேரம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நோனா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன சொல்லுதாக?" என்றேன்.

"உங்களுக்குப் பசிக்குதோ எண்டு கேக்கிறா" என்றார் டாக்டர்.

முந்தின நாள் மதியத்திலிருந்து நான் ஒன்றும் தின்றிருக்கவில்லை. நோனா உள்ளே போய் ஆப்பமும் சம்பலும் கொண்டுவந்து வைத்து, "கன்ன" என்றார். "சாப்பிடச் சொல்லுறா. 'கன்ன' எண்டால் சாப்பிடுங்கோ எண்டு அர்த்தம்" என்று டாக்டர் சிரித்தார். நான் தின்றேன். அழுதுகொண்டே தின்றதால் முதல் ஆப்பத்தின் ருசி எனக்குத் தெரியாது. இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாகத் தெரியும். காரம் நம் ஊர்க் காரத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். கிரேசிடம் சொல், ஆப்பத்தின் பால் கலந்த நடுவைக் கடைசியில் தின்ன வேண்டும்.

அப்பா எழுந்து நடக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு மிச்சமிருந்த இரண்டு நாளில் அவர் தின்றதையும் பார்த்ததையும் எழுதினால் தாள் போதாது. தேங்காய்ப்பால் சோற்றை வெட்டித் துண்டு போட்டுக் கொடுப்பார்கள், தின்னுங்கள். பலாப்பிஞ்சுக் கறியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஆட்டுக்கறி என்பாய். எருமைத்தயிரில் கித்துல் பாணி என்று ஒரு பனையின் பாகை ஊற்றிக் கொடுப்பார்கள். உன் அப்பா சட்டியை வழித்து நக்கினார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையில் பூக்கூடையோடு வரிசையில் நிற்கிறவர்களைப் பாருங்கள். அது உங்கள் கோயில் இல்லை என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக உள்ளே போய்வாருங்கள். ஏரியைச் சுற்றி நடங்கள். டாக்டர் சொல்லிவிட்டதால் அந்த மாடித் தம்பதி திரும்பி வந்தார்கள், நாங்கள் புறப்படும் முன்பே. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏரிக்கரையில் நடந்தபோது உன் அப்பாவிடம் கேட்டேன், கறி கெட்டது தெரியவில்லையா என்று.

"மொத வாயிலயே தெரிஞ்சுது."

"பொறவு ஏன் தின்னீய?"

"அந்தம்மா குடுத்த தட்டைத் தள்ளிட்டு ஒன் பெட்டியத் தொறந்த. நான் துப்புனா, அவுக முன்னால ஒன் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

இதைக் கேட்டு எந்தப் பெண்ணும் பூரித்துப்போவாள். நான் பூரிக்கவில்லை, பயந்தேன். என் முகத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் செத்துப்போகத் தயாராக இருந்திருக்கிறார் என்றால், என் முகத்தை நான் எப்படிப்பட்ட முகமாக வைத்திருந்திருக்கிறேன்? ஆகவே உங்கள் இருவருக்கும் சொல்கிறேன். கிரேஸ் சமைத்தது கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று சொல். நீ செய்தது தப்பென்று அவள் சொன்னால், சொன்ன பிறகும் அவள் உன் முன்னால் சிரித்த முகமாக நடமாடும்படி நடந்துகொள். ஒருவருக்கொருவர் பயந்து விழுங்குகிற வீடாக அது ஆகக் கூடாது.

இவ்வளவும் அங்கே கற்றுக்கொண்டவள்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கின ஐந்தாவது நிமிஷம் கோட்டைவிட்டேன். வரவேற்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சுப்பம்மா, தெலுங்குக்காரி, "ஏமக்கா, அண்ணன் ஏன் இப்பிடி எளைச்சுப் போயிட்டாக?" என்று கேட்டாள். சுற்றிலும் பத்துப் பேர். பெட்டியைப் பற்றி நான் அடித்த தம்பட்டத்தைக் கேட்டிருந்த பத்துப் பேர். "அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கிடலை" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சபையில் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், நீயும் கேட்டாய். ஒரு தரம் சொன்னதை மறுதரம் சொல்வது சுலபமாக இருந்தது. மதுரையில் விடுதிச் சாப்பாட்டைத் தொடப் பயந்து முதல் மாதமே நீ எலும்பும் தோலுமாக வந்து நின்றாயே, அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உனக்கு இருக்கிற இந்தப் பயம் நான் ஊட்டியது. நோனாவின் கையைப் பழித்து ஊட்டியது.

இவ்வளவு எழுதிவிட்டு, இன்று சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியதை அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. கையில் மண்ணெண்ணெயைத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எல்லாம் சரியா எழுதியிருக்க" என்றார். பிறகு, "நான் பொறவு ஒரு தரமும் இலங்கைக்குப் போவம்னு கேக்கலியே, கவனிச்சியா?" என்றார்.

கவனித்திருக்கவில்லை. எட்டு வருஷம் விடாமல் கேட்ட மனிதர், திரும்பி வந்த பிறகு பதினான்கு வருஷம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஒரு தடவை பார்த்தாயிற்று, ஆசை தீர்ந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டா, ஒத்துக்கிடாத ஊருக்கு ஏன்யா மறுபடி போறீயன்னு ஊரு கேக்கும். நீ மறுக்கா பொய் சொல்லணும். அதான் விட்டுட்டேன்" என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு சுப்பம்மா வீட்டுக்குப் போனேன். கண்டியில் நடந்ததை அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது சபை முழுவதும் பரவிவிடும். அந்த வேலையை அவள் எனக்கு மிச்சம் வைக்க மாட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், வருகிற வைகாசியில் நாம் இரண்டு பேரும் போகிறோம் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஆலைக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடு" என்றார். இந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அதை எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ன போட என்று கேட்டேன்.

"ஆப்பம் திங்கப் போறேன்னு போடு" என்றார்.

அப்படியே போட்டேன். கீழே அவர் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

உன் அம்மா